கல்லும் ஒலியும் விண்மீனும்: சர் சி. வி. இராமன் வாழ்க்கை

சந்தையில் மண்பானை வாங்கும் நம் தாய்மார்களைக் கவனித்திருக்கிறோம் அல்லவா? பானையைக் கையில் தூக்கி, விரலை மடக்கி ஒரு சுண்டு சுண்டுவார்கள். கணீரென்று ஒலித்தால் வாங்குவார்கள். டொக்கென்று ஒலித்தால் கீழே வைத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறது. பீங்கான் நகரம் என்று பெயர் பெற்ற நம் விருத்தாசலத்தில் இதை யாரும் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. நன்றாக வெந்த கோப்பை ஒரு குரலில் பேசும்; விரிந்துபோன கோப்பை வேறு குரலில் பேசும்.

பொருளைத் தட்டிப் பார்; அது தரும் பதிலைக் கூர்ந்து கேள்; அதன் பிறகு முடிவு செய். ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் இந்த ஒரு வேலையைத்தான் செய்தார். மத்தளத்தைத் தட்டினார், கட்டடத்தின் சுவரைச் சோதித்தார், ஒளியைக் கொண்டு திரவங்களையும் கற்களையும் தட்டிப் பார்த்தார். உலகமே அவரைத் திரும்பிப் பார்த்தது. ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் நாளை நாம் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுவதும் அவருடைய கண்டுபிடிப்பை நினைவுகூரத்தான். அவர்தாம் சர் சந்திரசேகர வேங்கட இராமன். ஆனால் அத்தகைய மேதையும் ஒருமுறை தட்டிப் பாராமலே ஒரு முடிவு செய்துவிட்டார். பெண்கள் பயிலும் பள்ளியில் இராமனின் வாழ்க்கையை எழுதும்போது அதையும் சொல்லாமல் விடுவது முறையன்று. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

இளமைப் பருவம்

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகரன் இராமநாதன். தாயார் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் இராமன் இரண்டாமவர். அவருக்கு நான்கு வயது இருக்கும்போது தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணியை ஏற்றார். குடும்பம் அங்கே குடியேறியது. வீட்டில் பொருட்செல்வம் மிகுதியில்லை. ஆயினும் புத்தகங்கள் நிறைந்திருந்தன. தந்தையார் வயலின் வாசிப்பார். புத்தகத்தின் நடுவிலும் இசையின் நடுவிலும் அந்தச் சிறுவன் வளர்ந்தான்.

விசாகப்பட்டினத்தில் புனித அலோசியஸ் பள்ளியில் இராமன் பயின்றார். நம் பள்ளியைப் போலவே அதுவும் ஒரு கத்தோலிக்கப் பள்ளி என்பது நமக்குப் பெருமை தருகிறது. 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். மெலிந்த உடலும் சிறுவனுக்குரிய முகமும் கொண்ட அவரைக் கண்ட ஓர் ஆங்கிலப் பேராசிரியர், இவன் உண்மையிலேயே பி.ஏ. வகுப்பு மாணவன்தானா என்று ஐயுற்று விசாரித்தாராம். அந்தச் சிறுவன் 1904ஆம் ஆண்டு முதல் மாணவனாகத் தேறி, இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றான்.

மாணவராக இருக்கும்போதே தம் கண்ணால் கண்ட ஓர் ஒளி நிகழ்ச்சியை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அது 1906ஆம் ஆண்டு இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறிவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18. ஆசிரியர் எவருடைய பெயரும் அதில் உடன் இல்லை. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லலாம் என்றால், அந்நாட்டுக் குளிரை இந்த உடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். அக்காலத்தில் நம் நாட்டில் ஆராய்ச்சியையே தொழிலாகக் கொள்ள வழியும் இல்லை. எனவே நிதித் துறைத் தேர்வு எழுதி, அதிலும் முதலாவதாகத் தேறினார்.

1907ஆம் ஆண்டு லோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அம்மையார் வீணை வாசிப்பதில் தேர்ந்தவர். அவ்வாண்டிலேயே இருவரும் கல்கத்தா சென்றனர். 18 வயது இளைஞர் அங்கே உதவிக் கணக்காயராகப் பொறுப்பேற்றார்.

பகலில் கணக்கு, இரவில் ஆய்வு

கல்கத்தாவின் பவ்பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்னும் நிறுவனம் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் நம் நாட்டவர் சொந்தமாக ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற ஆவலில் 1876இல் அதனை நிறுவினார். இராமன் அங்கே சென்றபோது கருவிகள் இருந்தன, கூடங்கள் இருந்தன, ஆராய்பவர்தாம் இல்லை. அனுமதி கேட்டார், கிடைத்தது. அன்று முதல் விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகம், மாலை முதல் இரவு வரை மீண்டும் ஆய்வுக்கூடம் என்று பத்து ஆண்டுகள் உழைத்தார். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தது. அங்கும் ஆராய்ச்சி நிற்கவில்லை.

1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. அரசுப் பணியில் பெற்றதைவிடக் குறைந்த ஊதியம்தான். வீட்டில் வரவு சுருங்கும் என்று தெரிந்தே அதனை ஏற்றார்.

ஓசை எப்போது இசையாகிறது?

இராமனின் முதற்காதல் ஒலியிடம்தான். ஒற்றைத் தந்தி கொண்ட ஏக்தாரா முதல் வயலின், வீணை, தம்பூரா வரை ஒவ்வொன்றையும் ஆராய்ந்தார். வயலினை வில்லால் இழுக்கும்போது தந்தி எவ்வாறு அசைகிறது என்பதற்கு அவர் தந்த விளக்கம் 1918இல் வெளிவந்தது. வில்லின் அழுத்தத்தையும் வேகத்தையும் பிசகாமல் அளப்பதற்காக, வயலினைத் தானே வாசிக்கும் ஓர் இயந்திரத்தையும் செய்தார்.

அவருடைய மத்தள ஆராய்ச்சி நமக்கு மிகவும் நெருக்கமானது. சாதாரணத் தோற்கருவி ஒன்றைத் தட்டினால் பல ஒலிகள் ஒரே நேரத்தில் எழும். அவற்றுக்குள் சுருதிப் பொருத்தம் இராது. ஆகவே அது வெறும் ஓசையாக நிற்கிறது. ஆனால் நம் மிருதங்கமும் தபலாவும் அப்படியல்ல. மிருதங்கத்தின் வலந்தலையில் கருநிறத்தில் வட்டமாக ஒரு பூச்சு இருக்கும். கிட்டக்கல்லைப் பொடித்து, சோற்றுடன் குழைத்து, சிறிது சிறிதாக இட்டுத் தேய்த்து அதனை உருவாக்குவார்கள். அந்தக் கற்பொடியின் எடை தோலின் அசைவை ஒழுங்குபடுத்துகிறது. ஒன்பது வகை அதிர்வுகள் சுருதி பொருந்திய ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. இதனை 1920இலும் பின்னர் 1934இலும் இராமன் ஆய்வுச் சான்றுகளோடு உலகுக்கு எடுத்துரைத்தார். பெயர் தெரியாத நம் கைவினைஞர்கள், எந்தச் சமன்பாடும் எழுதாமல், காதையே கருவியாகக் கொண்டு இதைச் சாதித்திருந்தார்கள். இராமன் அவர்களைத் தாழ்வாக நினைக்கவில்லை. அவர்களுடைய அறிவுக்கு அறிவியலின் மொழியைத் தந்தார்.

கட்டடங்களின் ஒலியையும் அவர் விடவில்லை. 1921இல் முதன்முறையாக இங்கிலாந்து சென்றபோது இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்தைக் கண்டார். அதன் உட்புற வட்ட நடையில் ஒருவர் சுவரோரமாக மெல்ல முணுமுணுத்தால், எதிர்ப்பக்கத்தில் தொலைவில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஒலி சுவரை ஒட்டியே வளைந்து செல்வதுதான் காரணம் என்று ராலே பிரபு முன்பே கூறியிருந்தார். இராமன் அங்கேயே நின்று சோதனை செய்தார். சுவரை விட்டு விலக விலக ஒலி சீராகக் குறையவில்லை. ஓங்கியும் தாழ்ந்தும் மாறி மாறி வந்தது. இந்தியா திரும்பிய பின் பிஜப்பூர் கோல் கும்பஸ் உள்ளிட்ட நம் நாட்டுக் கட்டடங்களிலும் இதே ஆய்வைத் தொடர்ந்தார்.

சுவர் ஒலியை விழுங்குமா, திருப்பி அனுப்புமா என்பது கட்டுகின்ற பொருளையும் வடிவத்தையும் பொறுத்தது. வெறுமையான மண்டபத்தில் நம் குரல் எதிரொலித்துக் குழம்புகிறது. அதே மண்டபத்தில் மாணவியர் நிறைந்தபின் பேச்சு தெளிகிறது. ஏனெனில் நம் உடைகளே ஒலியை விழுங்கிக்கொள்கின்றன. தெருவோசையும் இப்படியே. ரயில் சந்திப்பு, பேருந்து நிலையம், ஒலிபெருக்கி, ஹாரன் என்று நம் ஊரின் ஓசையும் நாளுக்கு நாள் வளர்கிறது. 2000ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த ஒலி மாசு விதிகளின்படி, பள்ளிகளைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அம்மண்டலத்தில் பகலில் 50 டெசிபலுக்கு மேல் ஓசை கூடாது. விதி ஏட்டில் இருந்தால் போதாது. காது கொடுத்துக் கேட்பவர்கள் வேண்டும். ஓசைக்கும் இசைக்கும் உள்ள வேறுபாட்டை அளந்து காட்டிய இராமன் வாழ்ந்த நாட்டில் அதனை நாம் மறக்கலாமா?

கடல் ஏன் நீலம்?

அந்த 1921ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும் வழியில், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் இராமனின் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலம் நீரில் தெரிகிறது, அவ்வளவுதான் என்பது அக்கால அறிஞர்களின் முடிவு. இதைக் கூறியவரும் அதே ராலே பிரபுதான். பெரியவர் சொல்லிவிட்டார் என்று இராமன் சும்மா இருக்கவில்லை. தம்மிடமிருந்த சிறிய பட்டகம் ஒன்றின் வழியாகக் கடலைப் பார்த்தார். நீரின் மேல் பிரதிபலிக்கும் வானொளியை அப்பட்டகம் தடுத்துவிடும். தடுத்த பின்னும் கடல் நீலமாகவே இருந்தது! ஆகவே நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று உணர்ந்தார். கப்பலிலிருந்தபடியே கட்டுரை எழுதி இதழுக்கு அனுப்பினார்.

அன்று எழுந்த கேள்வி ஏழு ஆண்டுகள் அவரை விடவில்லை. மாணவர்களைக் கொண்டு நீர், ஆவி, பனிக்கட்டி, படிகம் எனப் பலவற்றிலும் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். கே. ஆர். இராமநாதன் முதலில் ஒரு மங்கலான அடையாளத்தைக் கண்டார். பின்னர் கே. எஸ். கிருஷ்ணன் இரவு பகலாக உழைத்தார். ஏறத்தாழ 60 திரவங்களைச் சோதித்தார்கள். 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாதரச விளக்கின் ஒளியில் அந்த உண்மை ஐயமற வெளிப்பட்டது. கிருஷ்ணன் நம் தமிழ்நாட்டு வத்திராயிருப்பைச் சேர்ந்தவர் என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

இராமன் விளைவு என்பதை எளிதாகச் சொல்வோம். ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு பொருளின் மீது செலுத்துகிறோம். சிதறி வரும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில் வருகிறது. ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்று மட்டும் நிறம் சற்று மாறி வருகிறது. அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். விரலால் சுண்டியதும் பானை தன் குரலில் ஒலிப்பது போல, ஒளி தட்டியதும் ஒவ்வொரு மூலக்கூறும் தன் குரலில் பதில் சொல்கிறது என்று கொள்ளலாம். ஒலியின் இயல்பை ஊன்றிக் கற்றவருக்கு ஒளியின் இந்த மெல்லிய பதில் பிடிபட்டதில் வியப்பில்லை.

அதே ஆண்டில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்னும் இரு அறிஞர்களும் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைக் கண்டார்கள். ஆயினும் இராமன் முந்தி வெளியிட்டார். 1930ஆம் ஆண்டு நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது. அறிவியலில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. பரிசு அறிவிக்கப்படுமுன்பே ஸ்டாக்ஹோமுக்குக் கப்பல் சீட்டு வாங்கிவிட்டார் என்றால் அவருடைய தன்னம்பிக்கையை என்னென்பது!

மூடிய கதவு

1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இராமன் பொறுப்பேற்றார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தாம். அவ்வாண்டில் பம்பாயிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. அனுப்பியவர் கமலா பாகவத். வேதியியல் படித்து, பட்டத் தேர்வில் முதலிடம் பெற்றவர். இராமன் விண்ணப்பத்தை மறுத்துவிட்டார். மதிப்பெண் குறையவில்லை, தகுதியும் குறையவில்லை. விண்ணப்பித்தவர் பெண் என்பதே காரணம்.

நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். வானத்தின் நிறம், கடலின் நிறம், மத்தளத்தின் ஒலி ஆகியவற்றைச் சோதித்துப் பார்க்காமல் எவர் சொல்லையும் ஏற்காதவர் இராமன். அவர் ஒரு பெண்ணின் அறிவை மட்டும் சோதிக்காமலே கீழே வைத்துவிட்டார். பெரியோரின் வாழ்வைப் படிக்கும்போது அவர்கள் வென்ற இடத்தைப் போலவே தவறிய இடத்தையும் படிக்க வேண்டும். அது அவர்களைச் சிறுமைப்படுத்துவதற்காக அன்று. நாம் அவ்விடத்தில் இடறாமல் இருப்பதற்காக.

கமலா அழுதுகொண்டு வீட்டில் முடங்கவில்லை. பெங்களூருக்கே வந்து இராமனை நேரில் கண்டார். மறுப்புக்குக் காரணம் கேட்டார். இடம் தரும்வரை போவதில்லை என்று உறுதியாக நின்றார். கடைசியில் இராமன் இறங்கி வந்தார். ஓராண்டு சோதனைக் காலம் என்றும், அவருடைய பணியில் நிறைவு ஏற்பட்டால்தான் முறையான மாணவி என்றும், ஆண் ஆராய்ச்சியாளர்களின் கவனம் அவரால் கலையக் கூடாது என்றும் நிபந்தனைகள் விதித்தார். எந்த ஆண் மாணவனுக்கும் விதிக்கப்படாத நிபந்தனைகள்! கமலா அந்த அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு உழைத்தார். ஓராண்டு கழிந்ததும் இராமன் மனநிறைவோடு அவரை முறையாகச் சேர்த்துக்கொண்டார். அதன்பின் பிற பெண்களுக்கும் அக்கதவு திறந்தது. கமலா 1939இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னாளில் கமலா சொஹோனி என்ற பெயரில் சிறந்த உயிர்வேதியியல் அறிஞராக விளங்கினார்.

இராமனின் சொந்த ஆய்வுக்கூடத்திலும் பிறகு பெண்கள் பணியாற்றினார்கள். திருவிதாங்கூர்ப் பீருமேட்டில் 1918இல் பிறந்த அன்னா மாணி 1940இல் அங்கே சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் ஒளியை எவ்வாறு வெளியிடுகின்றன என்று பல மணி நேரம் இருளில் அமர்ந்து ஆராய்ந்தார், கட்டுரைகள் வெளியிட்டார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று காரணம் காட்டி, சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் தரவில்லை. அவர் அதையே எண்ணி உட்கார்ந்திருக்கவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். திரும்பி வந்து, நம் நாட்டுக்கு வேண்டிய வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிகாட்டினார். வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976இல் ஓய்வு பெற்றார்.

கற்களின் காதலர்

நிர்வாகத்தில் ஏற்பட்ட கருத்து வேறுபாடுகளால் 1937இல் இராமன் இயக்குநர் பதவியை விட்டு விலகினார். பேராசிரியராக மட்டும் 1948 வரை அங்கே தொடர்ந்தார். பின்னர் மைசூர் மன்னர் அளித்த நிலத்தில் தம் சொந்த முயற்சியால் இராமன் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1954இல் நாடு அவருக்குப் பாரத ரத்னா விருதளித்துப் பெருமை கொண்டது.

அந்நிலையத்தில் கற்களுக்கென்றே ஓர் அரிய காட்சியகம் அமைத்தார். வைரம், ஓபல், அகேட், சிப்பி, முத்து என அழகும் ஒளியும் கொண்ட பொருள் எதுவாயினும் வாங்கிச் சேர்த்தார். அவற்றுள் சந்திரகாந்தக் கல்லும் ஒன்று. அதைத் திருப்பினால் உள்ளே நிலவொளி போன்ற ஒரு வெண்மை மிதக்கும். 1950ஆம் ஆண்டை ஒட்டி இராமனும் அவருடைய மாணவர்களும் அந்த ஒளியின் காரணத்தை ஆராய்ந்தார்கள். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருவகைப் பொருள்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் பட்டு ஒளி சிதறுவதே அந்த வெண்மை என்று விளக்கினார்கள்.

சந்திரகாந்தக் கல் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது தெரியுமா? ஃபெல்ஸ்பார் குடும்பம்! நம் ஊர்ப் பீங்கான் தொழிலில் களிமண்ணோடும் குவார்ட்ஸோடும் சேர்த்து அரைக்கும் அதே ஃபெல்ஸ்பார்தான். சூளையின் வெப்பத்தில் அது முதலில் உருகி, மற்றத் துகள்களைப் பற்றிப் பிணைத்து, பீங்கானுக்கு உறுதியையும் இறுக்கத்தையும் தருகிறது. அந்த இறுக்கத்தால்தான் கோப்பை கணீரென்று ஒலிக்கிறது. நோபல் பரிசு பெற்றவர் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றிய கல்லின் உறவினர் நம் பட்டறைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றது. நாம் கேள்வி கேட்டு அதைப் பார்த்ததில்லை, அவ்வளவே.

இன்று இராமன் விளைவைக் கொண்டு சிமென்ட் எவ்வாறு இறுகுகிறது என்று பார்க்கிறார்கள். பழைய பானை ஓட்டை உடைக்காமலே அதன் மெருகிலும் வண்ணத்திலும் என்னென்ன கலந்துள்ளன என்று அறிகிறார்கள். 2021இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்செவரன்ஸ் ஊர்தி, அங்குள்ள பாறைகளை அறிய இராமன் முறைக் கருவிகளையே கொண்டு சென்றது.

விண்மீன் வரை

செவ்வாய்க்கு ஊர்தி அனுப்பலாம். விண்மீனை எப்படித் தட்டிப் பார்ப்பது? அங்கிருந்து வரும் ஒளி ஒன்றுதான் நமக்குக் கிடைக்கும் பதில். அதைப் படிப்பதில் இராமனின் குடும்பமே முன்னின்றது. அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் கப்பலில் இங்கிலாந்து செல்லும்போதே கணக்கிட்டு, வெண்குறு விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டார். நம் சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது அந்த எல்லை. பால்வெளி போன்ற மண்டலங்களில் விண்மீன் கூட்டங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பது பற்றி 1942இல் நூல் எழுதினார். 1983இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய துணைவியார் லலிதா, திருமணத்துக்கு முன் பெங்களூரில் இராமனிடம் ஆராய்ச்சி செய்தவர்.

இராமனின் இளைய மகன் இராதாகிருஷ்ணன் வானொலி வானியலாளர். விண்ணில் சீராகத் துடிக்கும் பல்சார்களைப் பற்றியும், பால்வெளியில் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் வாயுவைப் பற்றியும் ஆராய்ந்தார். 1972 முதல் 1994 வரை இராமன் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தி, அதனை வானியலுக்குப் பெயர் பெற்ற இடமாக்கினார்.

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். வெண்குறு விண்மீன் ஒன்றும் செந்நிறப் பெரு விண்மீன் ஒன்றும் இணைந்து சுற்றும் இரட்டைகள் நம் பால்வெளியில் உண்டு. அவற்றின் ஒளியில் பெயர் தெரியாத இரண்டு நிறக்கோடுகள் நெடுங்காலம் அறிஞர்களைக் குழப்பின. 1989இல் ஷ்மிட் என்னும் வானியலாளர் அப்புதிரை விடுவித்தார். அவை இராமன் விளைவினால் நிறம் மாறிய கோடுகள்! கல்கத்தாத் தெரு ஒன்றின் எளிய ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை விண்மீன்களிலும் நிகழ்ந்துகொண்டிருந்தது.

இறுதி நாட்கள்

ஆண்டுதோறும் காந்தியடிகள் பிறந்த நாளில் சொற்பொழிவாற்றுவது இராமனின் வழக்கம். 1970ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர் ஆற்றிய இறுதிச் சொற்பொழிவு, நம் செவி ஒலியை எவ்வாறு உணர்கிறது என்பதைப் பற்றியது. வாழ்வின் தொடக்கத்தில் கேட்ட கேள்வியை முடிவிலும் கேட்டார். அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள், 82ஆம் வயதில், தாம் நிறுவிய நிலையத்தின் மரங்களுக்கிடையே அவர் உயிர் நீத்தார். அத்தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் கோபுரமோ சிலையோ எழுப்பவில்லை. ஒரு மரம் நட்டிருக்கிறார்கள்.

கமலாவுக்கு மூடிய கதவையும், அதைத் திறந்த கையையும் நாம் ஒருங்கே நினைக்கிறோம். சான்று கண்டதும் தம் முடிவை மாற்றிக்கொண்டது இராமனின் உயர்வு. சான்று காட்டும் பொறுப்பை ஒரு பெண்ணின் தோளில் மட்டும் ஏற்றியது அவருடைய குறை. தம் மகளின் படிப்பை எத்தனையாம் வகுப்போடு நிறுத்தலாம் என்று எண்ணும் பெற்றோர் இன்றும் நம்மிடையே உண்டு. சூளையிலிருந்து வந்த கோப்பையைக்கூட நாம் சுண்டிப் பாராமல் ஒதுக்குவதில்லை. நம் வீட்டுப் பெண்ணின் திறமையை மட்டும் ஏன் பாராமலே ஒதுக்க வேண்டும்?

அன்புத் தங்கையரே! பழமலை என்று பெயர் கொண்ட ஊரில், கல்லையும் மண்ணையும் நெருப்பையும் தினமும் கண்டு வளர்கிறோம். பட்டறை வழியாக நடக்கும்போது ஒரு ஓட்டுத் துண்டை எடுத்துத் தட்டுங்கள். ஏன் இப்படி ஒலிக்கிறது என்று கேளுங்கள். இரவில் மின்சாரம் நின்றால் மொட்டைமாடிக்குப் போய் வானத்தைப் பாருங்கள். விடை தெரியாவிட்டால் வெட்கப்படாமல் ஆசிரியையிடமும் அருட்சகோதரியரிடமும் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. அனைவரும் சேர்ந்து தேடலாம். இராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் பட்டம் பெறாத அன்னா மாணியின் ஆய்வேடு இன்றும் இருக்கிறது. நம் பள்ளியிலிருந்து செல்லும் ஒருத்தி ஒருநாள் அதனைக் கையில் எடுத்துப் படிப்பாள் என்று நாம் நம்புகிறோம்.